வேதாசலம் காலேஜா நீ?

எந்தக் காலேஜுன்னு யாராவது கேட்டா நான் உடனே சொல்ல மாட்டேன். முதல்ல அவங்க மூஞ்சியை ஒரு தடவை நல்லாப் பார்த்து வெச்சிக்குவேன். சொன்னதுக்கு அப்புறம் அந்த மூஞ்சி இருக்காது. "வேதாசலம் காலேஜா நீ?"ன்னு ஒரு இழுவை இழுப்பாங்க பாருங்க, அதுலயே எல்லாம் வந்துடும். பாண்டி பஜார்ல ஒரு பொடவைக் கடைக்குள்ள நுழைஞ்சா வாட்ச்மேன் எங்க பின்னாலயே சுத்துவான். அபிராமபுரத்துல எங்க காலேஜ் கேட்டுக்கு எதிர்வீட்டு மாமி, மணி அடிச்ச உடனே வாசல்ல காயவெச்ச அப்பளத்தை எல்லாம் அள்ளிக்கினு உள்ள போயிடுவாங்க. அப்பளத்தைத் திருடி நாங்க எங்க போய்ப் பொரிக்கிறது? இதைக் கேட்டா எனக்கு வாய் நீளம்னு சொல்லுவாங்க. நீளம்தான், இல்லேன்னு சொல்லலை.

என் பேரு பொன்மணி. தொண்ணூத்தஞ்சுல அந்தக் காலேஜ்ல பி.எஸ்சி. ஸ்டாடிஸ்டிக்ஸ் மூணாவது வருஷம். அப்பா கோதண்டபாணிக்குக் கோடம்பாக்கத்துல சினிமா செட்டு போடுற மரவேலை. வீடு கோட்டூர்புரம் பாலத்தாண்ட, ஆத்தோரம். எங்க ஏரியாவுல காலேஜ் படிச்ச முதல் பொண்ணு நான்தான், அதனால எனக்குக் கொஞ்சம் கெத்து ஜாஸ்தி.

எங்க காலேஜ் மேல பழி சும்மா வரலை, அதையும் சொல்லிடறேன். அங்க 'பஸ் டே'ன்னு ஒண்ணு கொண்டாடுவாங்க. ஒவ்வொரு பஸ் ரூட்டுல வர்ற பசங்களும் ஒரு கும்பல். கும்பலுக்கு ஒருத்தன் தலைவன், அவனுக்குப் பேரு 'ரூட்டு தல'. வருஷத்துல ஒரு நாள் அவங்க ரூட்டு பஸ்ஸுக்கு மாலை போட்டு, சந்தனம் பூசி, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சால்வை போத்தி, பஸ் கூரை மேல ஏறி ஆடிக்கினே காலேஜ் வரைக்கும் வருவாங்க. டி.நகர் ரூட்டுக்கு தல பாலு. அந்த வருஷம் ஆட்டம் முடியிற நேரத்துல எவனோ கல்லு வுட்டான். ரெண்டு கண்ணாடி போச்சு. எவன்னு இன்னி வரைக்கும் தெரியாது. மறுநாளே டிப்போக்காரங்க எங்க காலேஜ் ஸ்டாப்பையே தூக்கிட்டாங்க.

அப்புறம் ஆரம்பிச்சுது பேஜாரு. பஸ் காலேஜ் வாசல்ல நிக்காம பறக்கும். நிக்காத பஸ்ஸுல எப்படி ஏறுறது? தொரத்தித்தான் ஏறணும். தொரத்தி ஏறினவன் படியிலதான் தொங்கணும். அவன் தொங்கிக்கினு போறதைப் பார்த்துட்டு ரோட்டுல போறவங்க "வேதாசலம் காலேஜ், வேற எப்படி இருப்பானுங்க"ன்னு தலையில அடிச்சிக்குவாங்க. ஸ்டாப்பைத் தூக்கினது யாரு, தொங்கவெச்சது யாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஓடித் தாவ முடியாத பொம்பளைப் புள்ளைங்க நாங்க பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமா, பிராந்திக் கடையைத் தாண்டி, அடுத்த ஸ்டாப்புக்கு நடக்க ஆரம்பிச்சோம்.

என் கூட நடந்தவ ஜைதூன். ரெஜிஸ்டர்ல ஜைதூன் பீ. கணக்குல புலி. நான் ரெண்டு பக்கம் போடுற கணக்கை அவ நாலு வரியில முடிச்சிட்டு, எனக்காகக் காத்துக்கினு இருக்கிற மாதிரி பேனாவை மூடிவெச்சிட்டு உக்காந்திருப்பா. அவ அப்பா அப்துல் கய்யூம் பாய்க்கு பனகல் பார்க் பக்கத்துல டெய்லர் கடை. ஒரு நாள் சாயங்காலம் கால்வாய் ஓரமா வர்றப்போ பிராந்திக் கடையிலேர்ந்து வந்த ஒருத்தன் ஜைதூனோட துப்பட்டாவைப் புடிச்சு இழுத்தான். நான் அவனை செருப்பைக் கழட்டி நாலு வெச்சேன், அவன் கால்வாய்ல விழுந்தான், அது வேற கதை. வீட்டுல சொல்லாதேன்னு ஜைதூன்கிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேன். அவளுக்குப் பொய் வராது. சொல்லிட்டா.

மறுநாள் அவ அப்பா முடிவு சொல்லிட்டாரு. ஸ்டாப்பு திரும்ப வந்தா படிக்கலாம், வரலேன்னா இந்த மாசத்தோட காலேஜ் சரி. ஃபைனல் பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் கீது. யுனிவர்சிட்டியிலயே ரேங்க் வாங்கக்கூடியவ, டிகிரி இல்லாம வீட்டுல உக்காரணும்னா எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

நேரா கடைக்குப் போனேன். மெஷினை நிறுத்திட்டு எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாரு, டீ சொன்னாரு. நல்ல மனுஷன். நம்ம காலேஜ் பசங்க நீங்க நினைக்கிற மாதிரி இல்ல மாமா, ஸ்டாப்பு வந்துடும், கொஞ்சம் பொறுங்கன்னேன். அவரு டேப்பைக் கழுத்துல போட்டுக்கினு பொறுமையாத்தான் பேசினாரு. அந்தப் பசங்க பாதிப் பேருக்கு பேண்ட் தைக்கிறதே அவருதானாம். அவங்க பேச்சையும் போக்கையும் தினம் பாக்கிறாராம். டிப்போக்காரன் பண்ணினது தப்புன்னு அவரு வாயால சொல்ல மாட்டாராம். ஜைதூன் கடைக்கு உள்ளே பட்டன் தைச்சிக்கினு இருந்தா. தலையைத் தூக்கவே இல்ல.

சரி, டிப்போவுக்கே போயிடலாம்னு போனேன். மேனேஜர் பேரு பத்ரிநாராயணன். மயிலாப்பூர்க்காரர், நெத்தியில பளிச்சுன்னு நாமம். காலேஜ் பேரைச் சொன்ன உடனே அதே மூஞ்சி. கல்லு வீசறவாளுக்கெல்லாம் எதுக்கும்மா ஸ்டாப்புன்னாரு. உங்க காலேஜ்ல நூத்துக்குத் தொண்ணூறு பேர் ரௌடின்னாரு.

"எண்ணிப் பாத்தீங்களா சார்?"ன்னு கேட்டேன்.

இதை வேற எண்ணிப் பாக்கணுமான்னு சிரிச்சாரு. நான் காண்டாயிட்டேன். ஸ்டாடிஸ்டிக்ஸ் படிக்கிறவகிட்ட வந்து தொண்ணூறுன்னு வாய்க்கு வந்த நம்பரைச் சொன்னா எப்படி இருக்கும்? நானே எண்ணிக்கினு வரேன் சார், வந்தா ஸ்டாப்பு குடுப்பீங்களான்னு கேட்டேன். கொண்டாம்மா பாக்கலாம்னு ஃபைலைப் பாக்க ஆரம்பிச்சிட்டாரு.

எண்ணுறதுன்னா சும்மா இல்ல. நீ கல்லு வீசினியான்னு நேராக் கேட்டா எவன் உண்மையைச் சொல்லுவான்? அதுக்கு ஒரு முறை கீது. எங்க ரகுபதி சார் கிளாஸ்ல சொல்லிக் குடுத்தது. பதில் சொல்றவன் எனக்கு முதுகைக் காட்டிக்கினு ஒரு காசை சுண்டணும். தலை விழுந்தா, நிஜமோ பொய்யோ, 'ஆமா'ன்னுதான் சொல்லணும். பூ விழுந்தா உண்மையைச் சொல்லணும். அவனுக்கு என்ன விழுந்துதுன்னு எனக்குத் தெரியாது. அதனால அவன் 'ஆமா'ன்னு சொன்னாலும் காசு சொல்ல வெச்சுதா, அவனே சொன்னானான்னு ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாது. பயம் இல்லாம சொல்லலாம். நூறு பேரைக் கேட்டா சுமார் அம்பது பேருக்குத் தலை விழும், அவங்க 'ஆமா'வைக் கழிச்சிடணும். மிச்சம் அம்பது பேர்ல எத்தனை 'ஆமா'வோ, அதுதான் உண்மை. ஆளு தெரியாது, ஆனா கணக்கு தெரியும். எனக்கு இது ரொம்பப் புடிச்ச முறை.

மாடிப்படிக்குக் கீழ பெஞ்சு போட்டு நூறு பசங்களைக் கூப்பிட்டோம். நான் கேள்வி கேட்டேன், ஜைதூன் குறிச்சிக்கினா. பஸ் மேல கல்லு வீசியிருக்கியா? அவ்ளோதான் கேள்வி. காசை சுண்டுனானுங்க, பாத்தானுங்க, ஆமா, ஆமா, ஆமான்னு சொல்லிக்கினே போனானுங்க. முடிச்சிட்டுப் பார்த்தா நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு 'ஆமா'. அம்பதைக் கழிச்சா, மிச்சம் அம்பதுல நாப்பத்தஞ்சு பேரு. நூத்துக்குத் தொண்ணூறு. பத்ரிநாராயணன் வாய்க்கு வந்து சொன்ன அதே தொண்ணூறு.

ஜைதூன் பேனாவை மூடிட்டா. அவ கண்ணு கலங்கிடுச்சு. எனக்கு மண்டை காஞ்சுது. தொண்ணூறு பேரு கல்லு வீசியிருந்தா அந்த பஸ்ஸுல ரெண்டு கண்ணாடிதான் போயிருக்குமா? ஸ்டியரிங் கூட மிஞ்சியிருக்காது. எங்கயோ ஒதைக்குதே, எங்க ஒதைக்குதுன்னு யோசிச்சிக்கினே டீக்கடை பக்கம் போனேன். அங்க செகண்ட் இயர் பையன் ஒருத்தன் உதார் வுட்டுக்கினு இருந்தான். அவனும் கல்லு வுட்டானாம், குறி தப்பலையாம், அதைத்தான் பெஞ்சுல என்கிட்டயும் சொன்னானாம். அந்தப் பையன் பஸ் டே அன்னிக்கு மஞ்சக்காமாலையில ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருந்தவன். நான்தான் அவனுக்கு நோட்ஸ் கொண்டுபோய்க் குடுத்தேன்.

அந்த இடத்துலயே அவன் காதைத் திருகினேன். ஏன்டா பொய் சொன்னேன்னு கேட்டா, பூ விழுந்துதுக்கா, இல்லைன்னு சொன்னா அசிங்கமா இருக்காதான்னு என்னையே திருப்பிக் கேக்கிறான். கேட்டீங்களா கதையை? கல்லு வீசினேன்னு சொல்றதுல வெக்கமே இல்ல. வீசலைன்னு சொல்றதுதான் வெக்கம். புஸ்தகத்துல எழுதினவன் ஜனங்க தப்பை மறைப்பாங்கன்னு நினைச்சு காசு முறையைக் கண்டுபிடிச்சிருக்கான். எங்க காலேஜ் பசங்க இல்லாத தப்பை இழுத்து மேல போட்டுக்கிறானுங்க. வெக்கம் எங்க இருக்குன்னு தெரியாம நான் வேற எங்கயோ தேடிக்கினு இருந்திருக்கேன்.

அந்த வெக்கம் எங்க இருந்துதுன்னு ரெண்டு நாள் கழிச்சு டி.நகர் பஸ் ஸ்டாண்டுல கண்டுபிடிச்சேன். ஸ்டூடண்ட் பாஸ் புதுப்பிக்கிற கவுண்டர். க்யூ வளைஞ்சு வளைஞ்சு நிக்குது. நின்னவங்க எல்லாம் ஸ்டூடண்ட்டா? ஒருத்தன் கூட இல்ல. முழுக்க அம்மாங்க, அக்காங்க. கையில பசங்களோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அந்த போட்டோவை யாரும் பாத்துடாத மாதிரி கவுத்துப் புடிச்சிக்கினு நிக்கிறாங்க. எனக்கு முன்னால நின்ன அம்மாவை எந்தக் காலேஜுன்னு கேட்டேன். வேதாசலம்னாங்க. அவங்க முன்னால நின்னவங்களும் வேதாசலம்னாங்க. பையன் பேரைக் கேட்டா மட்டும் வாயைத் திறக்கலை. பாஸ் வெச்சிருக்கிறது தெரிஞ்சா அவன் கூட்டாளிங்க கலாய்ச்சே கொன்னுடுவாங்களாம், ரூட்டுக்காரனுக்குப் பாஸ் எதுக்குன்னு மானத்தை வாங்கிடுவாங்களாம். செக்கிங்ல மாட்டிக்குவானோன்னு பயந்து இவங்களே மாசா மாசம் க்யூவுல நின்னு எடுத்துக் குடுக்கிறாங்களாம். எனக்கு அந்த க்யூவுலயே நின்னு சிரிக்கணும் போல இருந்துச்சு.

மறுநாளே மாடிப்படிக்குக் கீழ பெஞ்சைப் போட்டேன். அதே முறை, அதே காசு, கேள்வி மட்டும் வேற. உன்கிட்ட இந்த மாசத்து பாஸ் கீதா? இந்தத் தடவை பசங்க காசை சுண்டின விதமே வேற மாதிரி இருந்துச்சு. சுவத்தைப் பாத்துக்கினு, தோளை வளைச்சிக்கினு, உள்ளங்கையைக் கொஞ்சமாத் திறந்து பாத்தானுங்க. 'ஆமா'ன்னு சொல்லிட்டு, உடனே "தலை விழுந்துச்சு"ன்னு சேத்துக்கினானுங்க. அதை எல்லாம் சொல்லக் கூடாது, வாயை மூடிக்கினு போன்னு வெரட்டி அடிச்சேன். ரூட்டு தல பாலு மட்டும் பெஞ்சு மேல கால் போட்டுக்கினு நின்னு, இன்னா பொன்மணி, வேலையத்த வேலை, எங்க ஆளுங்கள்ல ஒருத்தன்கிட்ட கூட பாஸ் கெடையாதுன்னான்.

நூத்துக்கு எண்பத்தஞ்சு 'ஆமா'. அம்பது போனா, அம்பதுக்கு முப்பத்தஞ்சு. நூத்துக்கு எழுபது பேர்கிட்ட பாஸ் கீது. மாசா மாசம் காசு கட்டி பாஸ் எடுக்கிறவன் ரௌடியா? ஜைதூன் ரெண்டு தடவை போட்டுப் பாத்தா. ரெண்டு தடவையும் எழுபது.

அந்தக் காயிதத்தை எடுத்துக்கினு டிப்போவுக்குப் போனேன். பத்ரிநாராயணன் சார் படிச்சாரு. காசு சுண்டிக் கண்டுபிடிச்சதை எல்லாம் டிபார்ட்மெண்ட்ல ஒத்துக்க மாட்டான்னாரு. எழுபது பேர்னா அந்த எழுபது பேரோட பேரு எங்கேன்னாரு. பேரு தெரியாது சார், அதுதான் இந்த முறையோட அழகேன்னேன். அவருக்கு அழகு ஒண்ணும் தெரியலை. தன் பையன் தரமணியில பெரிய இன்ஸ்டிடியூட்ல படிக்கிறான்னும், அங்கெல்லாம் பசங்க தங்கக் கம்பின்னும் ஆரம்பிச்சாரு. உங்க பையன் பாஸ் வெச்சிருக்காரா சார்னு கேட்டேன்.

"எங்காத்துப் பையனுக்கு எதுக்கும்மா பாஸ்? அப்பா டிப்போ மேனேஜர்னு சொன்னா கண்டக்டர் கேக்கவே மாட்டான்"னாரு, பெருமையா.

அவரு மூஞ்சியையே பாத்துக்கினு இருந்தேன். கொஞ்ச நேரம் ஃபேனைப் பாத்தாரு, அப்புறம் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. சரி, ஒரு பரீட்சை வெச்சிக்கலாம்னாரு. புதன்கிழமை சாயங்காலம் காலேஜ் விடுற நேரத்துக்கு ஒரு பஸ்ஸை மட்டும் எங்க வாசல்ல நிறுத்துவாராம். வழியில செக்கிங். பாதிக்கு மேல பசங்க பாஸ் காட்டினா மறுநாள்லேர்ந்து ஸ்டாப்பு திரும்ப வந்துடும். காட்டலேன்னா நான் இந்தப் பேச்சையே இனிமே எடுக்கக் கூடாது. பசங்களுக்கு முன்னாடியே சொல்லவும் கூடாது. ஒத்துக்கினேன். பாஸ் இல்லாதவன் மாட்டினா மாட்டட்டும், எனக்கென்ன வந்துது?

ஜைதூன் அப்பாகிட்டயும் போய், புதன்கிழமை நீங்களே வந்து கண்ணால பாருங்க மாமான்னு சொன்னேன். வரேன்னாரு. அன்னிக்கும் அந்தப் பசங்க அதே மாதிரி நடந்துக்கினா அதோட ஜைதூனைக் கையோட கூட்டிக்கினு போயிடுவேன், அப்புறம் நீ வந்து பேசக் கூடாதும்மான்னாரு. அதுக்கும் ஒத்துக்கினேன். ஜைதூனுக்குத்தான் ராத்திரி எல்லாம் தூக்கம் இல்ல. உனக்குப் பயமா இல்லையான்னு என்னைக் கேட்டா. எழுபதுன்னா எழுபதுதான்டி, நீ போட்ட கணக்கு உனக்கே நம்பிக்கை இல்லையான்னு திட்டினேன்.

புதன்கிழமை பஸ் வந்துச்சு. தொரத்துறதுக்கு பசங்க சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கினு ரெடியா நிக்கிறானுங்க. பஸ் பாட்டுக்கு வாசல்ல வந்து நின்னுடுச்சு. நின்ன பஸ்ஸுல எப்படி ஏறுறதுன்னே மறந்துபோன மாதிரி ஒருத்தனை ஒருத்தன் பாக்கிறானுங்க. அப்புறம் ஏறினானுங்க, நாப்பது பேரு இருப்பானுங்க. உள்ள எடம் இருந்தும் பாதிப் பேரு பழக்கத்துல படியிலயே நின்னானுங்க. டிரைவருக்குப் பக்கத்துல பத்ரிநாராயணன் சார். லேடீஸ் சீட்டுல நானும் ஜைதூனும், எங்களுக்குப் பின்னால அவ அப்பா.

ஆழ்வார்பேட்டை தாண்டி பஸ்ஸை ஓரம் கட்டினாங்க. செக்கர் ஏறினாரு. பாஸ், டிக்கெட் எடுங்கன்னாரு. பொதுஜனம் எல்லாம் டிக்கெட்டை நீட்டினாங்க. பின்னால பசங்க பக்கம் போனாரு. ஒருத்தன் கூட அசையலை. ஒருத்தன் வானத்தைப் பாக்கிறான், ஒருத்தன் தலையைச் சீவுறான். தல முன்னால எவன் முதல்ல பாஸை எடுப்பான்? பாலு கம்பியைப் புடிச்சிக்கினு, ரூட்டுக்காரன்கிட்டயே பாஸ் கேக்கிறியா சாரேன்னு சிரிச்சான். செக்கர் ஃபைன் போடுற புக்கைப் பிரிச்சாரு. முன்னாலேர்ந்து பத்ரிநாராயணன் சார் என்னைத் திரும்பிப் பாத்து, இப்ப இன்னாம்மா சொல்றேங்கிற மாதிரி தலையாட்டினாரு. பின்சீட்டுல ஜைதூன் அப்பா பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கினாரு. ஜைதூன் என் கையைப் புடிச்சா.

எனக்குக் கணக்கு தப்புன்னு ஒரு நிமிஷம் கூட தோணலை. பாஸ் கீது. அங்கயேதான் கீது. மாடிப்படிக்குக் கீழ அவனுங்களுக்கு மறைஞ்சிக்க ஒரு காசு இருந்துச்சு. இங்க அது இல்ல. அவ்ளோதான் வித்தியாசம். விறுவிறுன்னு பின்னால போனேன்.

"டேய், இந்த பஸ்ஸுல கீற முக்காவாசிப் பேர்கிட்ட பாஸ் கீது. எவன் எவன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். ஒருத்தனும் முன்னால எடுக்க வேணாம், ஒருத்தனும் பின்னால எடுக்க வேணாம். நான் மூணு எண்ணுவேன், எல்லாரும் ஒண்ணா எடுங்க. எடுக்கலைன்னா நம்ம ஸ்டாப்பு இன்னியோட போச்சு. தோ ஜைதூன் உக்காந்துக்கினு கீறா. ஸ்டாப்பு போனா அவ படிப்பும் போச்சு. அவங்க அப்பா கூட்டிக்கினு போறதுக்குத்தான் வந்து கீறாரு."

பாலு மட்டும், "இன்னா பொன்மணி பீலா வுட்ற. எங்க பசங்கள்ல எவன்கிட்ட கீது பாஸு? கேட்டுப் பாரு"ன்னான். நான் அவனைத் திரும்பிக் கூடப் பாக்கலை. எண்ண ஆரம்பிச்சேன்.

மூணுன்னு சொன்ன உடனே பசங்க கையெல்லாம் ஒரே நேரத்துல இடுப்புக்குள்ள போச்சு. பேண்ட் இடுப்புக்கு உள்பக்கம். முன்னால பூக்கூடையோட உக்காந்திருந்த அம்மா வீல்னு கத்தினாங்க. செக்கர் ஃபைன் புக்கை மூஞ்சிக்கு நேரா புடிச்சிக்கினு பின்னால சாஞ்சாரு. அப்துல் கய்யூம் பாய் ஒரே தாவுல வந்து ரெண்டு கையையும் விரிச்சு ஜைதூனை மறைச்சிக்கினு நின்னுட்டாரு. அந்தக் கைங்க எல்லாம் வெளிய வந்துச்சு. ஒவ்வொரு கையிலயும் பிளாஸ்டிக் கவர் போட்ட ஒரு பாஸு, அதுல எண்ணெய் வெச்சுப் படிய வாரின மூஞ்சியோட ஒரு போட்டோ.

நாப்பது பேர்ல இருபத்தெட்டு எதிர்பாத்தேன். எண்ணினா இருபத்தொம்போது.

எல்லாரையும் விட ஆடிப்போனவன் பாலுதான். இந்தப் பக்கம் திரும்புறான், பாஸு. அந்தப் பக்கம் திரும்புறான், பாஸு. எப்பவும் அவன் தோள்மேல கை போட்டுக்கினு நிக்கிற கூட்டாளி கையில கூட பாஸு. டேய் நீயுமாடான்னான். அந்தப் பையன் தலையைக் குனிஞ்சிக்கினு, "அம்மா எடுத்துக் குடுக்குது மச்சி, நான் இன்னா பண்றது"ன்னான். பாலுவைப் பாக்கவே பாவமா இருந்துச்சு. மூணு வருஷமா ஒரு ரவுடிக் கும்பலுக்குத் தலைவன்னு நினைச்சிக்கினு இருந்திருக்கான், பாவம்.

அப்துல் கய்யூம் பாய் இன்னும் கையை இறக்கலை. மெதுவா ஒரு பையன் கிட்ட போனாரு. அவன் இடுப்புப் பட்டியை ஓரமாத் திருப்பிப் பாத்தாரு. உள்ள அழகா ஒரு சின்ன பாக்கெட்டு, மடிச்சுத் தைச்ச விளிம்பு.

"தம்பி, இது நம்ம கடையில தைச்சதுதானே. உள்ள ஒரு பாக்கெட்டு வை பாய், எதுக்குன்னு மட்டும் கேக்காதேன்னு சொன்னியே. உன்னை மாதிரி எத்தனையோ பேரு வந்து சொன்னாங்க. நானும் கேக்கலை. கத்தி வெச்சிக்கிறதுக்குன்னு நினைச்சிக்கினேதான் அத்தனையும் தைச்சேன்."

"பாஸுக்கு பாய்"ன்னான் அந்தப் பையன்.

அவருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கம்பியைப் புடிச்சிக்கினு சிரிச்சாரு, நிக்க முடியாம அப்படியே சீட்டுல உக்காந்து சிரிச்சாரு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஜைதூன் அவ அப்பா அப்படிச் சிரிச்சு பாத்ததே இல்லைன்னு அப்புறம் சொன்னா.

பத்ரிநாராயணன் சார் எழுந்து வந்து, ஒவ்வொரு பாஸையும் தானே வாங்கித் தேதி பாத்தாரு. எல்லாம் இந்த மாசம். கடைசியில என்கிட்ட வந்து, அப்போ பதினொரு பேர்கிட்ட இல்லையேம்மான்னாரு.

"இல்லதான் சார். நான் எழுபதுன்னுதான் சொன்னேன். நூறுன்னு சொல்லவே இல்லையே."

அவரு கண்டக்டரைக் கூப்பிட்டு, நாளையிலேர்ந்து எல்லா ட்ரிப்பும் வேதாசலம் காலேஜ்ல நிக்கணும்னு சொல்லிட்டாரு. அவரு குரல்ல ஒரு வருத்தம் இருந்துச்சு, தோத்துப்போன வருத்தம். நான் அதை நல்லா ரசிச்சேன்.

பாஸ் இல்லாத பதினொரு பேரையும் செக்கர் கீழ எறக்கினாரு. பாலு கடைசியா எறங்கினான். எப்பவும் ஓடுற பஸ்ஸுலேர்ந்து குதிக்கிறவன், நின்ன பஸ்ஸுலேர்ந்து ஒவ்வொரு படியா எறங்கினான். ஜன்னல் வழியா அப்துல் கய்யூம் பாய் தலையை நீட்டி அவனைக் கூப்பிட்டாரு. தம்பி, உன் பேண்ட்டுல மட்டும்தான் நான் அந்தப் பாக்கெட்டு வெக்கலை போல, எடுத்துக்கினு கடைக்கு வா, வெச்சுத் தரேன்னாரு. பாலு நிமிர்ந்து பாக்காம, சரி பாய்னான்.

பனகல் பார்க் ஸ்டாப்புல நாங்க மூணு பேரும் எறங்கினோம். ஜைதூன் அவ அப்பா என்ன சொல்லப் போறாருன்னு அவரு மூஞ்சியையே பாத்துக்கினு வந்தா, நடக்கிற வழி கூடத் தெரியலை அவளுக்கு. அவரு பாட்டுக்குக் கடைப் பூட்டைத் திறந்தாரு, ஷட்டரைத் தூக்கினாரு, மெஷின் மேல இருந்த துணியை எடுத்து மடிச்சு வெச்சாரு. அப்புறம்தான் அவளைப் பாத்தாரு.

"நாளைக்கு எனக்குக் கடையில நெறைய வேலை கீதும்மா. உன்னைக் கூப்பிட காலேஜுக்கு என்னால வர முடியாது. பஸ் வாசல்லயே நிக்குது இல்ல, நீயே வந்துடு."